பெரிய மெஷின், சின்ன மெஷின், அப்பா

மார்ச் 4

அக்காவுக்கு,

போனில் பேசினால் நாம் இருவரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம். அதனால் இனிமேல் எழுதிக்கொள்ளுங்கள் என்று என் வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். "எழுதினா ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் வாயை மூடிட்டு இருந்துதானே ஆகணும்" என்கிறாள். அவள் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது.

நான் அனுப்பிய டிவியும் கேம் மெஷினும் வந்து இறங்கியபோது நீ சொன்ன ஒரே வார்த்தை, "இதை எங்கடா வைக்கிறது?" வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டிய மனிதர் அப்பா. சிறுநீரகம் போய், இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். லாரி ஓட்டுகிற கேம் ஒன்று இருக்கிறது, ஸ்டியரிங் பிடித்தே ஓட்டலாம் என்று தெரிந்து ஆசை ஆசையாய் வாங்கினேன். நான் பார்சல் கட்டி முடிப்பதற்குள் நீ அதே கேமை ஒரு சின்ன மெஷினில் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டாய். முந்திக்கொள்வது உனக்குப் புதிதில்லை.

அக்கா, நான் நாள் முழுக்க டிவி விற்கிறவன். படம் நன்றாக இருந்தால் மனிதன் முகம் எப்படி மாறும் என்று தினமும் பார்க்கிறேன். உன் மெஷினில் லாரி தீப்பெட்டி அளவு இருக்கும். என்னுடையதில் மழை பெய்தால் கண்ணாடியில் சொட்டு வழியும், வைப்பர் தள்ளும், தள்ளிய இடத்தில் ரோடு பளபளக்கும். லாரி ஓட்டியவருக்கு அதுதான் வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்குப் பக்கத்திலேயே டயாலிசிஸ் சென்டர் திறந்துவிட்டார்கள். அப்பாவை இங்கே அழைத்துக்கொள்கிறேன் என்றால் நீ விடமாட்டேன் என்கிறாய். அவரைக் கேட்டால் என்ன சொல்வார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "உங்க இஷ்டம்." நம் வீட்டில் அவரிடம் யாரும் எதையும் நேராகக் கேட்டதில்லை, கேட்டாலும் அவர் சொன்னதில்லை. சாம்பார் பிடிக்கவில்லை என்பதைக்கூட அவர் மோர் கேட்பதை வைத்துத்தான் அம்மா கண்டுபிடிப்பாள்.

அதனால் ஒரு யோசனை. சிறுபிள்ளைத்தனம்தான், சிரிக்காதே. இந்த மாதம் அவர் எந்த மெஷினைத் தொடுகிறார் என்று பார்ப்போம். பெரியதைத் தொட்டால் அவர் மனசு இங்கே இருக்கிறது என்று அர்த்தம். சின்னதைத் தொட்டால் நீயே வைத்துக்கொள்.

தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

சிரித்தேன். ஆனால் சரி, ஒப்புக்கொள்கிறேன். தோற்கப்போவது நீதான், எனக்கென்ன.

கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற பேச்சை என்னிடம் பேசாதே. நீ படத்தைப் பார்க்கிறவர்களைப் பார்க்கிறாய். நான் பல் டாக்டர் வாசலில் டோக்கன் கொடுக்கிறவள், காத்திருக்கிறவர்களைப் பார்க்கிறேன். காத்திருக்கிற மனிதனுக்கு மழைச் சொட்டு வேண்டாம், கையில் ஏதாவது வேண்டும். வாரத்தில் மூன்று நாள் அப்பா இங்கே டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் கிடக்கிறார். அங்கே உன் டிவியைத் தோளில் வைத்துக்கொண்டா போவார்? கிராபிக்ஸ் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் சுவரில் மாட்டியிருந்தால் சுவருக்குத்தான் சொந்தம்.

நிலவரம் சொல்கிறேன், கேட்டுக்கொள். மத்தியானம் என் சாப்பாட்டு இடைவேளையில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் சென்டர் வாசலில் விடுகிறேன். உள்ளே யாரையும் விடமாட்டார்கள். வேலை முடிந்து கூட்டிவருகிறேன். திரும்பி வரும்போது சின்ன மெஷினில் சார்ஜ் அடிமட்டத்தில் இருக்கிறது. அப்படி விளையாடுகிறார் மனிதர். ஒருநாள் கொண்டுபோக மறந்துவிட்டேன். பாதி வழியில், "அது எங்க?" என்றார். வண்டியைத் திருப்பி வீட்டுக்குப் போய் எடுத்துவந்தேன். வாய் திறந்து ஒரு பொருளை அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

உன் பெரிய மெஷின்மேல் தூசு படாமல் பெட்ஷீட் போர்த்தியிருக்கிறேன். போர்த்தியது போர்த்தியபடி இருக்கிறது.

அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

"அது எங்க?" என்று கேட்டாரா? என்னிடம் போனில் "ம்", "சாப்டியா", "வெச்சிடறேன்", இந்த மூன்றுதான். அந்த இடத்தை மட்டும் நான்கு தடவை படித்தேன். பொறாமையாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மெஷினை விடு. நீ அவரை வண்டியில் பின்னால் உட்காரவைத்து ஓட்டுகிறாயே, அது போதாதா உனக்கு? சின்ன வயதில் அவர் லாரி எடுத்துக்கொண்டு கிளம்பினால் வாரக்கணக்கில் வரமாட்டார். வந்தால் தூங்குவார். இப்போதுதான் ஓர் இடத்தில் நிற்கிறார், அந்த இடமும் உன் வீடாக இருக்கிறது. அவர் உன் தோளைப் பிடித்துக்கொள்கிறாரா, இல்லை சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொள்கிறாரா? சும்மா கேட்கிறேன்.

பெட்ஷீட் அப்படியேதான் இருக்கிறதா? நன்றாகப் பார்த்தாயா?

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

தோளைத்தான் பிடித்துக்கொள்கிறார். இப்போது தூக்கம் வருமா?

உனக்கு ஸ்கூட்டர் மட்டும் கண்ணில் படுகிறது. அவர் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று அளந்து பாட்டிலில் ஊற்றிவைப்பது யார்? உப்பில்லாமல் சமைத்து, அவர் முகம் சுளிப்பதைப் பார்த்து, நானும் அதையே சாப்பிடுவது யார்? நீ பார்சல் அனுப்புவாய், நான் பிரிப்பேன். ஊரெல்லாம் "மகன் எவ்வளவு பெரிய டிவி வாங்கிக் கொடுத்திருக்கான் பாருங்க" என்று உன்னைத்தான் புகழ்கிறது. அளந்து ஊற்றிய தண்ணீரை யாரும் வந்து பார்ப்பதில்லை. எனக்கும் பொறாமை உண்டு, உனக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை.

பெட்ஷீட்டை நன்றாகவே பார்த்தேன். அதன்மேல் இஸ்திரி போட்ட துணிகளை அடுக்கிவைத்திருக்கிறேன், அடுக்கு கலையவில்லை. மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது என்று வாதாடாதே. தோற்றுவிட்டாய். கௌரவமாக ஒப்புக்கொள்.

அக்கா

மார்ச் 23

அக்காவுக்கு,

போதும் உன் நாடகம்.

அந்த மெஷின் என் பெயரில் பதிவானது. யார் அதைப் போட்டாலும் என் போனில் பச்சைப் புள்ளி எரியும். முதல் வாரத்திலிருந்தே எரிகிறது. சென்டர் இல்லாத நாட்களில், நீ வேலைக்குக் கிளம்பிய பிறகு எரியும். நீ வருவதற்கு முன்னால் அணையும். எந்த ரோட்டில் போகிறார், எங்கே நிறுத்தினார் எல்லாம் எனக்குத் தெரியும். கடையில் வாடிக்கையாளர் நிற்கும்போதுகூட அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ பெட்ஷீட், இஸ்திரித் துணி என்று எழுத எழுத எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. உன் காலடியில் உட்கார்ந்துகொண்டே அவர் என்னோடு இருக்கிறார் என்று நினைத்தேன். கெட்ட புத்திதான். ஆனால் அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் பகிர மனசு வரவில்லை.

அதற்குத்தான் இப்போது தண்டனை போலிருக்கிறது. போன வாரத்திலிருந்து அவர் லாரியில் இரண்டாவது ஆள் ஏறுகிறது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மேப் பார்த்து வழி சொல்கிற வேலை. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் "விருந்தாளி" என்று காட்டுகிறது. சோபாவில் அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். நீயல்லாமல் யார்? லீவு போட்டுவிட்டு அவரோடு உட்கார்ந்து என் மெஷினில் விளையாடிவிட்டு, "தோற்றுவிட்டாய், ஒப்புக்கொள்" என்று எனக்கு எழுதுகிறாய்.

சின்ன மெஷினையும் நீயே எடுத்துக்கொள், பெரியதையும் நீயே எடுத்துக்கொள், அப்பாவையும் எடுத்துக்கொள். பொய் மட்டும் வேண்டாம்.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

அது நான் இல்லை.

உன் கடிதத்தை வேலை நேரத்தில் போனில் படித்தேன். ஒரு டோக்கனை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு டாக்டரிடம் திட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய்த் துணிகளுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். மெஷின் சூடாக இருந்தது. துணி அடுக்கு கலையாமல் இருந்தது எப்படி என்றும் புரிந்துவிட்டது. அப்படியே பெட்ஷீட்டோடு சேர்த்துத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து வைக்கிறார். லாரியில் சரக்கு ஏற்றி இறக்கிய கை.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னிக்கு என்னப்பா பண்ணீங்க?" என்றேன். "சும்மாதான் இருந்தேன்" என்றார். நான் மனம் நோவேன் என்றுதான் மறைக்கிறார் போலும். அதற்காகச் சந்தோஷப்படுவதா, இல்லை இத்தனை நாள் ஏமாந்ததற்கு அழுவதா என்று தெரியவில்லை. நீயும் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்தாய். உனக்கு வேறு கணக்கு இருக்கிறது, பிறகு தீர்த்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த விருந்தாளி யார்? நாளை மறுநாள் சென்டர் இல்லை, நேரத்தோடு வீட்டுக்கு வரப்போகிறேன்.

அக்கா

மார்ச் 26

தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

நான் கதவைத் திறந்தபோது டிவியில் மலைப்பாதை. நீ சொன்ன மழை, நீ சொன்ன வைப்பர். அப்பா முதுகை நிமிர்த்தி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். இவ்வளவு நிமிர்ந்து அவரை நான் பார்த்து வருடங்களாகிறது. பக்கத்தில் ஓர் அம்மா. அறுபது வயதிருக்கும். கால் இரண்டையும் சோபாமேல் மடித்துவைத்து, கழுத்தில் இன்ச் டேப் தொங்க, "வலது பக்கம் எடுங்க, நான் சொல்றேன்ல, வலது" என்று அதட்டிக்கொண்டிருந்தார். நம் அப்பாவை. அவரும் வலது பக்கம் எடுத்தார்.

என்னைப் பார்த்ததும் அப்பா செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? டிவியை அணைக்கப் பார்த்தார். முகத்தில் ஒரு திருட்டு முழி. அந்த அம்மாதான் பேசினார்.

"நீதானா அந்தச் சின்ன மெஷின் வாங்கிக் குடுத்த பொண்ணு? சென்டர்ல நான் இவருக்குப் பக்கத்து நாற்காலி. துணி தைக்கிறவ."

"வீட்டுக்கு வந்திருக்கீங்க..."

"அந்தச் சின்னதுல மரமெல்லாம் பச்சை அட்டைய வெட்டி நட்ட மாதிரி இருக்கும்மா. இவர் என்னடான்னா, இந்த ரோட்டுல வேப்ப மரம் இருக்கு, அந்தத் திருப்பத்துல ஆறு தெரியும்னு கதை விடறார். வீட்ல பெருசா இருக்கு, வந்து பாருங்கன்னாரு. நெசமான்னு பாக்க வந்தேன். ஆறு இருக்குதான்."

வந்து பாருங்க என்று கூப்பிட்டாராம். நம் அப்பா. வாயைத் திறந்து.

காபி போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்கும் அரை டம்ளர்தான், அவருக்கும் அளவு உண்டு. அவர் போன பிறகு பார்த்தேன், அப்பா சட்டையில் எல்லாப் பட்டனும் இருந்தது. மேலிருந்து இரண்டாவது பட்டன் போய் ரொம்ப நாளாகிறது. தினமும் அந்தச் சட்டையைத் துவைக்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை. தன் கூடைக்குள் இருந்து ஊசியை எடுத்துத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தம்பி, உன்மேல் எனக்கு இருந்ததெல்லாம் பொறாமையே இல்லை. அந்தப் பட்டனைப் பார்த்தபோது வந்ததுதான் பொறாமை. 

அதைவிட ஒன்று. அந்த அம்மா உட்கார்ந்திருந்தது லாரியில் டிரைவருக்குப் பக்கத்து சீட். நம் அம்மா உயிரோடு இருந்தவரை ஒருநாள், ஒரே ஒருநாள், அவளை லாரியில் ஏற்றியிருக்கிறாரா? "அது பொம்பளைங்க உக்கார்ற இடம் இல்ல" என்பார். அவளும் வாசலில் நின்று வண்டி திரும்பும் வரை பார்த்துவிட்டு உள்ளே வருவாள். நிஜ லாரியில் அவளுக்கு இல்லாத இடம் பொம்மை லாரியில் யாருக்கோ இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா

மார்ச் 29

அக்காவுக்கு,

மூன்று நாளாகப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நேற்று கடையில் ஒரு குடும்பம் பெரிய டிவி வாங்க வந்தது. "படம் எப்படி சார்?" என்று கேட்டார்கள். "ஆறு தெரியும்" என்று சொல்லிவிட்டேன். என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார்கள்.

நான் அந்த மெஷினை எதற்கு அனுப்பினேன்? ஒருநாள் நான் லீவில் வரும்போது அந்தப் பக்கத்து சீட்டில் நான் உட்காரலாம் என்றுதான். இதுவரை உனக்கு எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. எனக்கு வைத்திருந்த இடத்தில் யாரோ காலை மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதுவும் என் செலவில். உன் மெஷின் அவர்களைச் சேர்த்துவைத்தது, என் மெஷின் வீட்டுக்குள் கூட்டிவந்துவிட்டது. நல்ல அக்கா, நல்ல தம்பி.

இனி யோசிக்க ஒன்றுமில்லை. அப்பாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். பந்தயத்தில் நான்தான் ஜெயித்தேன் என்று வைத்துக்கொள். இல்லை, யார் ஜெயித்தாலும் சரி, அனுப்பிவை. அவர் அங்கே இருந்தால் உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இங்கே வந்தால் எனக்காவது இருப்பார். நீயும் அடிக்கடி வந்து பார்க்கலாம். அவரிடம் எதுவும் கேட்காதே. துணிகளை எடுத்துவைத்து, கிளம்பலாம்ப்பா என்று சொல். "உங்க இஷ்டம்" என்று வந்துவிடுவார்.

தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

உண்மையைச் சொல்கிறேன். பெட்டியை இறக்கி அவர் சட்டைகளை அடுக்கவும் ஆரம்பித்துவிட்டேன். உன்னிடம் போனாலும் போகட்டும், அந்த அம்மாவிடம் வேண்டாம் என்று இருந்தது.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. வாசலில் விட்டுவிட்டுப் போகாமல் மேலே ஏறினேன். நர்சிடம் கெஞ்சியதில், உள்ளே விடமுடியாது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள்.

தம்பி, அப்பா இடது கைக்காரர். அதனால் ஊசி வலது கையில். நான்கு மணி நேரமும் அந்தக் கையை அசைக்கக்கூடாது. நான் கொடுத்த மெஷினோ இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியது. காத்திருக்கிறவர்களைப் பற்றி உனக்குப் பாடம் நடத்தினேனே, இது என் புத்தியில் ஏறவே இல்லை. ஒரு கை மட்டும் இருக்கிற மனிதருக்கு அதைக் கொடுத்துவிட்டு, சார்ஜ் தீர்ந்துபோகிறது என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு ஊசி இடது கையில். அவருடைய வலது கையும் அப்பாவுடைய இடது கையும் பக்கத்தில் பக்கத்தில் வருகிற மாதிரி நாற்காலிகள். மெஷினின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற கைப்பிடிகள் கழன்று வரும் என்று எனக்கே தெரியாது. நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் ஸ்கிரீன். இவர் கையில் ஒரு பாதி, அந்த அம்மா கையில் மறு பாதி. இவர் திருப்புகிறார், அவர் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் பிடிக்கிறார். கண்ணாடி வழியாகச் சத்தம் கேட்கவில்லை. அப்பா வாய் மட்டும் "பிரேக்கு, பிரேக்கு" என்று அசைவது தெரிந்தது. லாரி எங்கேயோ போய் மோதியிருக்க வேண்டும். அந்த அம்மா தலையை நாற்காலியில் சாய்த்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார், தம்பி.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். கேட்காதே என்று நீ எழுதியிருந்தாய். கேட்டுவிட்டேன்.

"தம்பி உங்களுக்கு டிக்கெட் எடுத்திருக்கான். அங்க போறீங்களா, இங்க இருக்கீங்களா?"

வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்தார். "என் இஷ்டம் வேண்டாம்ப்பா. உங்க இஷ்டம் சொல்லுங்க" என்றேன்.  பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தம்மாவ அடுத்த வாரத்துலேர்ந்து காலை ஷிஃப்ட்டுக்கு மாத்திட்டாங்க. என்னையும் மாத்தித் தரச் சொல்றியா?"

"காலையில என்னால திரும்பக் கூட்டிட்டு வர முடியாதேப்பா."

"அவங்க அக்கா மகன் டாக்ஸி ஓட்டறான். போறப்பவும் வர்றப்பவும் ஏத்திக்கிறேன்னு சொல்லியிருக்கான்."

எல்லாம் பேசி முடித்துவைத்திருக்கிறார். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அம்மாவ ஏம்ப்பா ஒருநாளும் ஏத்தல?" என்று கேட்டேன்.

"ஏத்தியிருக்கலாம்" என்றார். "அவ வரேன்னு சொல்லல. நானும் வான்னு சொல்லல" என்றார். கண் கலங்கியிருந்தது. 

ஷிஃப்ட்டை மாற்றிக் கொடுத்துவிட்டேன். இன்றுதான் முதல் நாள். டாக்ஸி வந்து ஹாரன் அடித்ததும் மெஷினை எடுத்துக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படி இறங்கினார். மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் எனக்குப் போக ஓர் இடமும் இல்லை. ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து, ஏன் செய்தேன் என்று தெரியாமல் அணைத்துவிட்டு, நாற்காலியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். வயிறு எரிகிறது தம்பி. உனக்கு எழுதினால் பாதியாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை.

அந்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்காதே, உன் பெயருக்கு எடுத்துக்கொண்டு வா. நர்ஸ் இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டார், உன்னையும் மேலே விடுவார். இரண்டு பேரும் சேர்ந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். அவர் நிமிர்ந்து நம்மைப் பார்ப்பார் என்று மட்டும் எதிர்பார்த்துக்கொண்டு வராதே.

அக்கா